சிரிப்பொலி இல்லாத ஹையசின்த்

பாட்ரிஷியா ரூட்லெட்ஜ் 2025 அக்டோபரில், 96 வயதில் இறந்தபோது வந்த அஞ்சலிகள் பெரும்பாலும் ஹையசின்த் பக்கெட்டில்தான் ஆரம்பித்தன. வாளி என்று பொருள்படும் குடும்பப் பெயரை ‘பூக்கே’ என்று பூங்கொத்தாக உச்சரிக்கச் சொல்லி அடம்பிடிக்கும் பெண்மணி. பிபிசியில் 1990 முதல் 1995 வரை வந்த ‘கீப்பிங் அப் அப்பியரன்சஸ்’. அந்த வேடம் அவரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது, கூடவே மற்றதையெல்லாம் மறைத்தும்விட்டது.

மறைந்துபோனவற்றில் முக்கியமானது, ஆலன் பென்னட்டின் ‘டாக்கிங் ஹெட்ஸ்’ வரிசையில் வந்த ‘எ லேடி ஆஃப் லெட்டர்ஸ்’ (1988). ஒரே ஆள், கேமராவைப் பார்த்துப் பேசுகிறார், அவ்வளவுதான். மிஸ் ரடக் தனியாக வாழ்பவர். ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்ப்பார், பார்த்ததைப் புகார்க் கடிதமாக எழுதுவார். எதிர்வீட்டுக்காரர்கள் குழந்தையைச் சரியாகக் கவனிப்பதில்லை என்று எழுதுகிறார். அந்தக் குழந்தையோ புற்றுநோயோடு ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறது, செத்தும் போகிறது. கடைசியில் சிறைக்குப் போகும் மிஸ் ரடக், அங்கேதான் வாழ்க்கையில் முதல்முறையாகத் தோழிகளோடு சந்தோஷமாக இருக்கிறார்.

இப்போ ஹையசின்த்தைப் பாருங்க. அவளும் தெருவைக் கண்காணிப்பவள், ஊருக்கே ஒழுங்கு சொல்லிக்கொடுப்பவள், தனிமையை ஒத்துக்கொள்ளாதவள். ராய் கிளார்க் எழுதியது வேறு ஆள். ஆனால் ரூட்லெட்ஜ் நடித்தது அதே பெண்ணைத்தான், பின்னணியில் சிரிப்பொலி ஓடுகிறது என்பதைத் தவிர. எங்க மொழியில் சொன்னால், ஒரே கோட், வேறு இண்டர்ஃபேஸ்.

இதற்கு ஆதாரம், மகன் ஷெரிடனிடமிருந்து வரும் போன் அழைப்புகள். தொடர் முழுக்க ஷெரிடன் ஒருமுறைகூடத் திரையில் வருவதில்லை. அவன் காசு கேட்கிறான், தன் நண்பனைப் பற்றிச் சொல்கிறான். நமக்குப் புரிவது அம்மாவுக்குப் புரிகிறதா இல்லையா? ரூட்லெட்ஜ் அதைத் தீர்த்து வைப்பதே இல்லை. ஒரு சின்ன மௌனம், பிறகு குரல் இன்னும் உற்சாகமாக மேலே ஏறும். உண்மையில் அதுவும் பென்னட் பாணி தனிமொழிதான். பக்கத்து வீட்டு எலிசபெத்தின் கையில் கப் நடுங்கும் காட்சிகளைவிட எனக்கு இவை பல மடங்கு மேல். (தொடரின் எழுத்து போகப்போகத் திரும்பத் திரும்ப ஒரே நகைச்சுவையைத்தான் அரைத்தது, அதையும் சொல்லணும்.)

இன்னொரு வேடிக்கை. ஹையசின்த் பாடிவிடுவாளோ என்று பயந்து எம்மெட் ஓடி ஒளிவான். ஆனால் ரூட்லெட்ஜ் முறையாகக் குரல் பயின்ற பாடகி. ‘டார்லிங் ஆஃப் தி டே’க்கு 1968இல் டோனி, ‘கேண்டிட்’டுக்கு 1988ஆம் ஆண்டின் ஒலிவியர். நடுவே, 1976இல் லியோனார்ட் பெர்ன்ஸ்டைனின் ‘1600 பென்சில்வேனியா அவென்யூ’ பிராட்வேயில் 7 காட்சிகளோடு சுருண்டது. ஒரே பாட்டில் இரண்டு அதிபர் மனைவிகளாக மாறி மாறிப் பாடியிருப்பார் அதில். அவ்வளவு துல்லியமான கட்டுப்பாடு இருந்தால்தான், சுருதி விலகாமலே கேட்கச் சகிக்காத மாதிரிப் பாட முடியும்.

‘ஹெட்டி வெயின்த்ராப்’ துப்பறியும் தொடர் பரவாயில்லை ரகம், அவசரமில்லை. ‘லேடி ஆஃப் லெட்டர்ஸ்’ அரை மணி நேரம்தான். முதலில் அதைப் பாருங்க, அப்புறம் ஏதாவது ஒரு ஷெரிடன் போன் காட்சி.