தராசில் வைப்பதற்கு முன்

தாமிரபரணிக் கரையில் சேரன்மகாதேவியிலிருந்து ஏரல் வரை எந்த ஊரிலும், தாத்தா பாட்டி விட்டுப்போன பெட்டியைத் திறந்தால், உள்ளே இருக்கும் வெள்ளிக் காசுகள் இரண்டு நாட்டைச் சேர்ந்தவையாக இருக்கக்கூடும். நெல்லைச் சீமைக்கும் இலங்கைக்கும் இருந்த போக்குவரத்து அப்படிப்பட்டது. 1658இல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக் கம்பெனி, அதைக் கொழும்பு ஆளுநரின் பொறுப்பில்தான் வைத்திருந்தது. காயல்பட்டினத்து வணிகர்கள் கொழும்பில் இரத்தினக்கல் வியாபாரம் செய்தார்கள். தேயிலைத் தோட்டங்களுக்குப் போன குடும்பங்களில் பல, 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பலேறித் திரும்பி வந்தன. இப்படி வந்து சேர்ந்த காசுகள் இன்று பேரப்பிள்ளைகள் கையில் இருக்கின்றன. வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் அவை நெல்லை டவுன் ரத வீதிக் கடைகளுக்கோ ஊர்ப் பட்டறைக்கோ போகின்றன. அங்கே எல்லாக் காசும் ஒன்றாகத் தராசில் ஏறுகிறது. இந்தியக் காசை மதிப்பிட இந்த முறை ஒரு காலத்தில் போதுமானதாக இருந்தது. இலங்கைக் காசுக்கு அது ஒருநாளும் போதாது. எடைக்கு முன் ஆண்டைப் பார்க்கும் வழக்கத்தை இலங்கைக் காசு கட்டாயமாக்குகிறது. அதை நெல்லை கடன் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஒரே ஒரு சோதனை இதைக் காட்டிவிடும். ஐந்தாம் ஜார்ஜ் தலை பதித்த இந்திய அரை ரூபாய் ஒன்று, 1914ஆம் ஆண்டு இலங்கை ஐம்பது சதம் ஒன்று, 1926ஆம் ஆண்டு இலங்கை ஐம்பது சதம் ஒன்று, ஆறாம் ஜார்ஜின் 1943ஆம் ஆண்டு இந்திய அரை ரூபாய் ஒன்று. இந்த நான்கையும் எடுத்துக்கொள்வோம். நான்கும் சுமார் 5.83 கிராம். விட்டத்திலும் பெரிய வித்தியாசமில்லை. முதல் மூன்றிலும் ஒரே அரசர். இலங்கைக் காசில் அவருடைய பட்டப்பெயரில் இந்தியா என்ற சொல்லும் இருப்பதால், அவசரத்தில் பார்ப்பவர் அதையும் இந்தியக் காசு என்றே எடுத்துவிடுவார். ஆனால் உள்ளே இருக்கும் தனி வெள்ளி வேறு. முதல் காசில் நூற்றுக்கு 91.7 பங்கு, அதாவது 5.35 கிராம். இரண்டாவதில் நூற்றுக்கு 80, அதாவது 4.67 கிராம். மூன்றாவதில் நூற்றுக்கு 55தான், 3.21 கிராம். நான்காவதில் சரிபாதி, 2.92 கிராம். தராசு நான்கையும் ஒன்று என்கிறது. கடைக்காரர் எல்லாவற்றுக்கும் சராசரியாக ஒரு கழிவு போட்டு விலை சொன்னால், முதல் காசை வைத்திருப்பவர் ஏமாறுகிறார். நான்காவதை வைத்திருப்பவருக்கு லாபம். கடைக்காரர் நேர்மையானவராக இருந்தாலும் முறையிலேயே பிழை இருக்கிறது.

இந்த எடைப் பழக்கம் எங்கிருந்து வந்தது? காசைச் சோதிப்பது தமிழ் நாட்டில் மிகப் பழைய தொழில். வண்ணக்கன் என்ற தொழிற்பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட புலவர்கள் சங்கத் தொகைகளிலேயே உண்டு. காசு நோட்டம் பார்ப்பவருக்கு அந்தப் பெயர். பின்னால் சராபுகள் அந்த வேலையைச் செய்தார்கள். ஆற்காட்டு ரூபாயும் சூரத்து ரூபாயும் இன்னும் பல ஊர் ரூபாய்களும் கலந்து புழங்கிய காலத்தில், எது எந்த அக்கசாலை, எந்த ஆண்டு, அதற்கு எவ்வளவு வட்டம் பிடிக்க வேண்டும் என்று சொல்வதே அவர்கள் பிழைப்பு. அப்போது இங்கேயும் காசைப் படித்த பிறகுதான் விலை பேசினார்கள். 1835இல் கம்பெனி அரசு ஒரே ரூபாயைக் கொண்டுவந்தது. 180 கிரெயின் எடை, அதாவது 11.66 கிராம், பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி. நான்காம் வில்லியம், விக்டோரியா, ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் என்று தலைகள் மாறினவே தவிர, 1940 வரை இந்த அளவு மாறவில்லை. நூற்றுச் சொச்சம் ஆண்டுகள் ஒரே தரம் என்றால் படிப்பதற்கு என்ன இருக்கிறது? தட்டினால் கிண்ணென்று ஒலிக்க வேண்டும், எடை சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பொற்கொல்லரும் நாட்டு மருத்துவரும் ரூபாயையே எடைக்கல்லாக வைத்துக்கொள்ளும் அளவுக்கு அதன் மீது நம்பிக்கை இருந்தது. நியாயமான நம்பிக்கைதான். அந்த நம்பிக்கையில் சராபின் பழைய படிப்பு மறந்துபோனது.

இலங்கையின் பாதை நேர்மாறானது. கண்டி இராச்சியத்தில் கிட்டத்தட்ட இருபது ஆண்டு கைதியாக வாழ்ந்த இராபர்ட் நாக்ஸ், 1681இல் அச்சான தம் நூலில், தூண்டில் முள் போல வளைத்த வெள்ளிக் கம்பிக் காசைப் பற்றி எழுதியிருக்கிறார். அரசரின் அனுமதியோடு யார் வேண்டுமானாலும் அதைச் செய்யலாம், எந்த முத்திரையும் குத்தலாம். சந்தேகம் வந்தால் நெருப்பிலிட்டுச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுவார்கள். பால்வெள்ளையாக வராவிட்டால் அது செல்லாது. முத்திரைக்கு மதிப்பே இல்லாத, உலோகத்தை மட்டும் நம்பிய முறை அது. பிரிட்டிஷார் வந்தபின் எல்லாம் கலைந்தது. யாழ்ப்பாணத்தில் இறைசால் என்றழைத்த ரிக்ஸ்டாலர், 1825 முதல் ஸ்டெர்லிங் கணக்கு, கூடவே இந்திய ரூபாய் என்று பல அளவுகள் ஒரே சந்தையில் நின்றன. 1872இல் நூறு சதம் கொண்ட ரூபாய் அரசுக் கணக்கானபோது, இலங்கை தனக்கென்று வெள்ளி ஒரு ரூபாய் அடித்துக்கொள்ளவில்லை. இந்திய ரூபாயே அங்கும் ரூபாய். 1892 முதல் தாளிப்பனை மரமும் தமிழ், சிங்கள எழுத்தும் பதித்த வெள்ளிப் பத்து, இருபத்தைந்து, ஐம்பது சதங்கள் வந்தன. அவை சில்லறைக் காசுகள். முழு மதிப்புக்கு இந்திய ரூபாய் இருந்ததால், சில்லறையில் வெள்ளியைக் குறைத்துப் போட்டார்கள். ஆக, ஒரே பையில் இருந்த ரூபாய் ஒரு தரம், ஐம்பது சதம் இன்னொரு தரம். அதைக் கையாண்டவர் காசைப் படிக்காமல் விலை சொல்ல முடியாது.

1919ஆம் ஆண்டு இந்த வேறுபாட்டைக் கூர்மையாக்கியது. முதல் உலகப் போரில் வெள்ளி விலை தாறுமாறாக ஏறியது. உருக்கி விற்றால் முகமதிப்பைவிடக் கூடுதலாகக் கிடைக்கும் நிலைக்கு ரூபாய் வந்தபோது, இந்திய அரசு அதன் தரத்தைத் தொடவில்லை. ஒரு ரூபாய் நோட்டு அடித்தது, சில்லறையில் நிக்கலைப் புகுத்தியது, அமெரிக்கா 1918இல் இயற்றிய பிட்மன் சட்டத்தின் வழியே இருபது கோடி அவுன்ஸ் வெள்ளியை வாங்கிச் சமாளித்தது. இலங்கையோ ஐம்பது சதத்தின் வெள்ளியை நூற்றுக்கு 80இலிருந்து 55ஆக இறக்கியது. காசின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அதே அரசர், அதே பனைமரம். 1917 என்றிருந்தால் ஒன்று, 1919 என்றிருந்தால் வேறொன்று. ஆண்டு ஒன்றைத் தவிரக் கண்ணுக்கு வேறு அடையாளமே கிடையாது. இந்தியாவில் இப்படிப்பட்ட முறிவு வர 1940 ஆனது. ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் வெள்ளி பாதியானது. மீதி செம்பும் நிக்கலும் துத்தநாகமும். 1946-47இல் வெள்ளியே போய் முழு நிக்கல் வந்தது. எடைப் பழக்கம் அதற்குள் இறுகிவிட்டதால், இன்றும் 1938ஆம் ஆண்டு ரூபாயையும் 1944ஆம் ஆண்டு ரூபாயையும் ஒரே குவியலில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

உருக்கிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடுமே, ஆண்டு எதற்கு என்று கேட்கலாம். இதில் நியாயம் உண்டு. ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்கள் கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டவை. தேய்ந்துபோன 1918ஆம் ஆண்டு ரூபாய்க்குச் சேகரிப்பாளர் வெள்ளி விலைக்கு மேல் அதிகம் தரமாட்டார். பழசு என்பதாலேயே லட்சம் பெறும் என்று நம்புவது வீண். ஆனால் உருக்கிய பிறகு தெரியும் உண்மை யாருக்கும் பயன்படாது. 1939 என்ற ஆண்டு பொறித்த வெள்ளி ரூபாய் மிக அரியது. 1938 எளிதில் கிடைப்பது. 1911ஆம் ஆண்டு ரூபாயில் அரசரின் அங்கியில் இருந்த யானை பன்றி போலத் தெரிகிறது என்று எதிர்ப்புக் கிளம்பி, மறு ஆண்டு உருவத்தையே திருத்தினார்கள். அந்த ஓராண்டுக் காசுக்குத் தனி விலை. உலையில் போட்டபின் இவை எல்லாம் ஒரே வெள்ளிக் கட்டி.

அடுத்த மறுப்பு புதிய கருவியைப் பற்றியது. இப்போது எந்த ஊரிலும் எக்ஸ்ரே இயந்திரத்தில் டச் பார்த்துவிடலாம், எத்தனை சதவீதம் என்று தாளில் அடித்தே தருகிறார்கள் என்பார்கள். நகைக்கு அது நல்ல கருவி. பழைய காசுக்கு அதை மட்டும் நம்பக் கூடாது. அந்தக் கதிர் மேற்பரப்பின் மெல்லிய அடுக்கைத்தான் படிக்கிறது. வெள்ளி குறைந்த காசுகளின் மேற்பரப்பிலிருந்து, அடிக்கும்போது அமிலத்தாலும் பிறகு காலத்தாலும், செம்பு வெளியேறிவிடுகிறது. மேலே வெள்ளி செறிந்து நிற்கும், உள்ளே பாதிதான் இருக்கும். முலாம் பூசிய போலியும் இதே வழியில் தப்பும். இதற்குத் துணையாக வீட்டிலேயே செய்யக்கூடியது தண்ணீர்ச் சோதனை. காசை நூலில் கட்டித் தண்ணீரில் முழுதும் மூழ்கத் தொங்கவிட்டு, குறையும் எடையால் அதன் எடையை வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். 91.7 பங்கு வெள்ளிக்கு அது சுமார் 10.3, 80 பங்குக்கு 10.1, 55 பங்குக்கு 9.7, ஜெர்மன் சில்வர் போன்ற வெள்ளை உலோகத்துக்கு 9க்கும் கீழே. போலியை இது பிடித்துவிடும். ஆனால் 10.3க்கும் 10.1க்கும் உள்ள வேறுபாடு ஆறு கிராம் காசில் சாதாரணத் தராசுக்கு எட்டாது. அங்கே மறுபடி ஆண்டுதான் கைகொடுக்கிறது.

ஆண்டையே போலி செய்கிறவன் இருக்கிறானே என்பது வலுவான மறுப்பு. 1938இன் கடைசி இலக்கத்தைச் சுரண்டி 9 ஆக்குவது நடக்கிற காரியம். அதனால்தான் ஆண்டு முதலில் என்கிறேனே ஒழிய, ஆண்டு மட்டும் என்று சொல்லவில்லை. ஆண்டு ஒரு கூற்று. எடை, விட்டம், விளிம்பு வரிகள், அடர்த்தி எல்லாம் அதன் சாட்சிகள். கூற்று என்னவென்று தெரியாமல் சாட்சியை விசாரிக்க முடியாது. கூற்றே பொய்யான காசுகளும் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி 1616, 1818 என்று பொறித்து, மறுபுறம் இராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ இருக்கும் காசுகளைக் கம்பெனி ஒருபோதும் அடிக்கவில்லை. அவை பிற்காலத்து வில்லைகள். அரிசியை இழுக்கும் காசு என்று தமிழ்நாட்டில் பல குடும்பங்களை மோசம் செய்தது பெரும்பாலும் இந்த வகைதான். பழைய காசு வாங்கி விற்பதாகத் தன் பெயரில் நடக்கும் மோசடியைப் பற்றி ரிசர்வ் வங்கி 2021இல் எச்சரிக்கையே வெளியிட வேண்டியிருந்தது. முன்பணம், கமிஷன், வரி என்று கேட்பவர் யாராக இருந்தாலும் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

சட்டம் இரு நாட்டிலும் வெவ்வேறு கோடு போடுகிறது. இந்தியாவின் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு ஆண்டுக்குக் குறையாத காசு தொல்பொருள். 1919இல் அடித்த ரூபாய் 2019இல் அந்த வரம்புக்குள் வந்துவிட்டது. வீட்டில் வைத்துக்கொள்ளத் தடையில்லை. அதை வணிகமாகச் செய்ய உரிமம் வேண்டும், நாட்டுக்கு வெளியே தனிமனிதர் கொண்டுபோக முடியாது. இலங்கையின் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டமோ, கண்டி ஒப்பந்த நாளான 1815 மார்ச் 2ஐ நிலையான எல்லையாக வைத்தது. பண்பாட்டுப் பொருள்களை வெளியே கொண்டுபோக 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அனுமதி தேவை. ஆகவே பாட்டனார் கொண்டுவந்த 1914ஆம் ஆண்டு ஐம்பது சதத்தை யாழ்ப்பாணத்து உறவினருக்குப் பரிசாக எடுத்துச் செல்ல நினைப்பவர் முதலில் இந்தியச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். உழவில் கிடைத்த காசுக்கு விதி வேறு. மண்ணில் புதைந்து கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம்.

இலங்கைக்கு ஒரு வசதி உண்டு. தீவின் காசுகள் அனைத்தையும் ஒரே நூலில் தொகுத்து கோட்ரிங்டன் 1924இலேயே வெளியிட்டார். மத்திய வங்கியும் நாணய அருங்காட்சியகம் நடத்துகிறது. திருநெல்வேலிக்கும் அதற்கு முன்பே லோவந்தால் 1888இல் இப்பகுதிக் காசுகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஆனால் அது பழைய அரசர்களின் காசுகளை ஆராய்வோருக்கானது. பட்டறையில் நிற்பவருக்கு அதில் விடையில்லை. அவருக்கு வேண்டியது ஒரு பக்க அட்டவணை. இந்திய, இலங்கை வெள்ளிக் காசுகளின் ஆண்டு, எடை, வெள்ளிப் பங்கு, படம், இவ்வளவு போதும். பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகமும் நகை வணிகர் சங்கங்களும் சேர்ந்தால் ஒரே மாதத்தில் அச்சிட்டு, தராசு இருக்கும் ஒவ்வொரு கடையிலும் ஒட்டிவிடலாம். அதுவரை, பெட்டியைத் திறப்பவர்கள் காசைப் புளி போட்டு விளக்க வேண்டாம், வளையம் பற்றவைக்க வேண்டாம். ஆண்டுவாரியாகப் பிரித்து, யாரிடமிருந்து எந்த ஊர் வழியாக வந்தது என்று ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு, பிறகு கடைக்குப் போங்கள்.