சுண்ணாம்பு போட்டால் ஃப்ளூரைடு போகுமா?

சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமங்களில் போர் தண்ணீரை நாக்கும் அடுப்பும்தான் தரம் பிரிக்கின்றன. பருப்பு வேகவில்லை, குடத்தில் வெள்ளையாகப் படிகிறது என்றால் அது உப்புத் தண்ணீர். சோப்பு நுரைத்தால் நல்ல தண்ணீர். ஃப்ளூரைடு விஷயத்தில் இந்தக் கணக்கு பெரும்பாலும் தலைகீழாகிவிடும். கால்சியம் மிகுந்த நீரில் ஃப்ளூரைடு ஓரளவுக்கு மேல் தங்காது. இரண்டும் சேர்ந்து கால்சியம் ஃப்ளூரைடாகப் படிந்துவிடும். கால்சியம் குறைந்து, சோடியமும் பைகார்பனேட்டும் கூடிய நீரில்தான் பாறையின் பயோடைட், அபடைட் கனிமங்களிலிருந்து வரும் ஃப்ளூரைடு தடையில்லாமல் ஏறும். நாக்குக்கு அது தெரியாது.

மிகுதியான ஃப்ளூரைடு பல்லையும் எலும்பையும் கெடுக்கும்; அப்படி வரும் நோய் சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் 1937இலேயே பதிவாகிவிட்டது. கால்சியம் மிகுந்தால் ஃப்ளூரைடு தங்காது என்றால், தண்ணீரில் சுண்ணாம்பைப் போட்டு ஃப்ளூரைடைப் படியவைத்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். மலிவான சரக்கு, எந்தக் கடையிலும் கிடைக்கும். தொழிற்சாலைக் கழிவுநீரில் இந்த முறை அருமையாக வேலை செய்கிறது. லிட்டருக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராம் ஃப்ளூரைடு இருந்தால், பெரும்பகுதி சேறாக அடியில் இறங்கிவிடும்.

குடிநீரில்தான் சிக்கல். கால்சியம் ஃப்ளூரைடு கரையாத உப்பு என்று பள்ளியில் படித்திருப்போம். உண்மையில் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் அது சுமார் 16 மில்லிகிராம் கரையும். அதில் பாதி, ஏறக்குறைய 8 மில்லிகிராம், ஃப்ளூரைடு. இந்தியத் தர நிர்ணயம் பொறுத்துக்கொள்ளும் உச்ச அளவோ 1.5. அந்த அளவுக்கு இறக்க வேண்டுமானால் நீரில் கால்சியம் 200 மில்லிகிராமுக்கு மேல் கரைந்திருக்க வேண்டும். கால்சியத்துக்கு அதே தர நிர்ணயம் வைத்திருக்கும் உச்ச வரம்பு 200! ஒரு வரம்பைக் காக்க இன்னொன்றை மீற வேண்டிய நிலை.

நாக்பூரின் நீரி என்ற சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனம் 1970களில் உருவாக்கிய நல்கொண்டா முறை இதைச் சாமர்த்தியமாகத் தாண்டியது. அதிலும் சுண்ணாம்பு உண்டு, ஆனால் காரத்தன்மையைச் சரிக்கட்டுவதோடு அதன் பங்கு முடிகிறது. ஃப்ளூரைடை இழுத்துக்கொண்டு அடியில் இறங்குவது படிகாரம் உண்டாக்கும் அலுமினியத் திரள். மின்சாரம் வேண்டாம், வாளியிலேயே செய்யலாம். இவ்வளவு நல்ல முறை பல ஊர்களில் ஏன் நிலைக்கவில்லை? படிகாரத்தின் அளவு நீரின் ஃப்ளூரைடையும் காரத்தன்மையையும் பொறுத்து மாறும். கோடையில் போட்ட அளவு மழைக்குப் பின் பொருந்தாமல் போகலாம். கூடிப்போனால் நீரில் அலுமினியமும் சல்ஃபேட்டும் மிஞ்சும். ஊராட்சித் தொட்டியைப் பார்த்துக்கொள்பவரிடம் தினமும் இந்தக் கணக்கை எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஃப்ளூரைடு ஏறிய சேற்றை எங்கே கொட்டுவது என்பதும் அவர் தலையில்தான் விழும்.

அதனால் ஆற்றுநீரைக் குழாயில் கொண்டுவருவதே மேல் என்பது என் கட்சி. தருமபுரி, கிருஷ்ணகிரிக்கு 2013இல் வந்த ஒகேனக்கல் திட்டம் அந்த வழியைத்தான் எடுத்தது. செலவு மிகப் பெரிது, ஆறு வற்றினால் குழாயும் வற்றும். ஆனால் குடிப்பவர் எதையும் அளக்க வேண்டியதில்லை.

குழாய் வராத நாளில் போர் தண்ணீரைக் குடிப்பவர்கள் அதைச் சோதனைக்குக் கொடுக்கும்போது ஃப்ளூரைடு அளவைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். உப்பு படிகிறதென்று வீட்டில் மாட்டும் சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துவிட்டு சோடியத்தை விடுகிறது. ஃப்ளூரைடைத் தொடுவதே இல்லை. ஆர்ஓ உப்பையும் ஃப்ளூரைடையும் குறைக்கும், கூடவே கணிசமான தண்ணீரைச் சாக்கடைக்கும் அனுப்பும்.