செங்கல் யார் சுட்டது?

கோலாலம்பூர் ஒரே ஆண்டில் எரிந்தும் போனது, மூழ்கியும் போனது. 1881 ஜனவரி 4ஆம் தேதி தீ. அதே ஆண்டு டிசம்பரில் வெள்ளம். அத்தாப்புக் கூரையும் பலகைச் சுவருமாக நின்ற ஈயச் சுரங்க ஊர் அது. இரண்டையும் தாங்க அதனிடம் எதுவும் இல்லை. 1882இல் சிலாங்கூர் ரெசிடெண்டாக வந்த ஃபிராங்க் சுவெட்டன்ஹாம், இனிக் கட்டினால் செங்கல், வேய்ந்தால் ஓடு என்று முடிவெடுத்தார். கப்பித்தான் யாப் ஆ லோய் செங்கல் சூளை போட்டார். சூளைகள் இருந்த வட்டாரத்துக்கு பிரிக்பீல்ட்ஸ் என்று பெயர் வந்தது. கோலாலம்பூர் மறுபடி எழுந்த கதையைப் பொதுவாக இவ்வளவுதான் சொல்வார்கள். ஒரு வெள்ளைக்கார அதிகாரி, ஒரு சீனத் தலைவர், நிறைய செங்கல்.

தமிழில் சொல்லும்போது மட்டும் இதோடு ஒரு வரி கூடிவிடும். "நாம கட்டுன ஊரு இது." மேடையில் கேட்டிருக்கிறேன், கவிதையில் படித்திருக்கிறேன், தீபாவளி சமயத்தில் ஃபேஸ்புக்கில் தவறாமல் பார்க்கிறேன். பிரிக்பீல்ட்ஸ் என்றால் தமிழன் செங்கல் சுட்ட இடம் என்றே பலர் நம்புகிறார்கள். எனக்கு அந்த வரியோடுதான் சண்டை. சூளை போட்டவர் ஹக்கா சீனர். 1880களின் தொடக்கத்தில் அந்த ஊரில் பெரும்பான்மையும் சீனர்கள்தான். யாப் ஆ லோய் 1885 ஏப்ரலில் இறந்துபோனார். தான் தொடங்கிவைத்த செங்கல் ஊரை அவர் முழுசாகப் பார்க்கவில்லை. இன்னொன்று, எனக்குப் பிடித்த விஷயம்: சீனர்கள் இந்த இடத்தைச் செங்கல்லைக் கொண்டு அழைப்பதே இல்லை. அவர்களுக்கு அது "பதினைந்தாம் கல்". நாம்தான் ஆங்கிலப் பெயரில் இருக்கும் செங்கல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறோம்.

அப்படியென்றால் நமக்கு அங்கே ஒன்றுமில்லையா? இருக்கிறது. செங்கல்லில் தேடுவதால் கண்ணில் படுவதில்லை. 1886 செப்டம்பர் 15ஆம் தேதி கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் புக்கிட் கூடா வரை ரயில் ஓடியது. ஆற்றைக் கடந்து கிள்ளானுக்குள் போக 1890 ஆனது. தண்டவாளம் போட்டதிலும் சடக்கு போட்டதிலும் தமிழ்த் தொழிலாளர்கள் இருந்தார்கள். அந்த ரயிலின் கணக்கு எழுதியதிலும் ஸ்டேஷன் நடத்தியதிலும் யாழ்ப்பாணத்துக்காரர்கள் இருந்தார்கள். பிரிக்பீல்ட்ஸ் தமிழ் ஊரானது சூளையால் இல்லை, ரயிலால். ரயில்வே குவார்ட்டர்ஸ், ஷண்டிங் யார்டு, மாதச் சம்பளம், அதைச் சுற்றி வந்த பூக்கடையும் சாப்பாட்டுக் கடையும். கூலியாக வந்தவரும் குமாஸ்தாவாக வந்தவரும் ஒரே தெருவில் இருந்தார்கள், ஒருவரை ஒருவர் சமமாக நினைக்காமலே. "நாம" என்று ஒரே வார்த்தையில் சொல்லும்போது இந்த இடைவெளி காணாமல் போய்விடுகிறது. நமக்கு வசதியாகத்தான் போகிறது என்று சந்தேகப்படுகிறேன்.

மறுபடி எழுந்த ஊர்களைப் பற்றி யோசிக்கும்போது நான் ஒப்பிட்டுப் பார்ப்பது சிசிலித் தீவின் நோட்டோவை. 1693 ஜனவரியில் வந்த நிலநடுக்கம் தீவின் தென்கிழக்கு முழுவதையும் தரைமட்டமாக்கியது. சுமார் 60,000 பேர் செத்தார்கள். பழைய நோட்டோவை அப்படியே விட்டுவிட்டுச் சில மைல் தள்ளி வேறொரு சரிவில் புது ஊர் போட்டார்கள். ஊர்க்காரர்களில் பலர் எதிர்த்தார்கள். பக்கத்து ரகூசாவில் சண்டை இன்னும் முற்றி, மேலே ஒரு ஊர், பழைய இடத்தில் ஒரு ஊர் என்று இரண்டாகவே பிரிந்துபோனது, 1926இல்தான் ஒன்றாக்கினார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் நோட்டோவின் தேன்நிறக் கல்லில் செதுக்கிய பரோக் மாடங்களைப் படமெடுக்கிறார்கள். கட்டடக் கலைஞர்கள் காலியார்டி, சினாத்ரா, லபீசி ஆகியோரின் பெயர்கள் வழிகாட்டி நூல்களில் இருக்கின்றன. கல் சுமந்தவன் பெயர் அங்கேயும் இல்லைதான். ஆனால் 1996 மார்ச்சில் நோட்டோ பேராலயத்தின் குவிமாடம் இடிந்து விழுந்தபோது பொறியாளர்கள் தூண்களுக்குள் பார்த்தார்கள். வெளியே ஒழுங்காகச் செதுக்கிய கல், உள்ளே அள்ளிப் போட்ட உதிரிக் கல். 1950களில் மேலே ஏற்றிய கான்கிரீட் கூரை வேறு. அதுவரை எல்லோரும் முகப்பைத்தான் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். கட்டியது எப்படி என்பது தூண் உடைந்த பிறகுதான் தெரிந்தது.

நாம் இன்னும் முகப்பில்தான் நிற்கிறோம். சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1894இல் தொடங்கி 1897இல் திறந்தது. சுமார் 40 லட்சம் செங்கல் போனதாகக் கணக்கு. ஏ. சி. நார்மன் பெயர் பெரிதாக வரும். ஆனால் அந்த வெங்காயக் குவிமாடங்களும் குதிரைலாட வளைவுகளும் வந்ததற்கு முக்கியக் காரணம் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் சி. இ. ஸ்பூனர். இலங்கையில் வேலை பார்த்துவிட்டு வந்தவர் அவர். முதலில் போட்ட ஐரோப்பிய பாணி வரைபடம் அவருக்குப் பிடிக்கவில்லை. முகமதிய பாணி வேண்டும் என்றார். சென்னையில் உயர் நீதிமன்றம் 1892இல் எழுந்துவிட்டது. சிஷோம் அதற்கு முன்பே கடற்கரையோரம் செனட் ஹவுஸைக் கட்டி முடித்திருந்தார். மெட்ராஸ்காரனுக்குப் பழகிப்போன தோற்றம் கோலாலம்பூருக்கு "இந்த மண்ணின் பாணி" என்ற பெயரில் வந்து இறங்கியது. நோட்டோக்காரர்கள் தங்கள் மலையின் கல்லிலிருந்து தங்கள் பாணியைச் செதுக்கினார்கள். இங்கே பாணியையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள், ஆட்களை ஏற்றியதுபோலவே.

வரலாற்று நூல்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஜே. எம். குல்லிக் கோலாலம்பூர் பற்றி எழுதியதை மதிப்போடு படிக்கிறேன். அவரிடம் அதிகாரிகளுக்கு முகம் உண்டு, வம்பு உண்டு, செல்ல நாய்கூட உண்டு என்று தோன்றும். தொழிலாளர்கள் கூட்டமாகத்தான் வருவார்கள். ஆவணம் அப்படி. சுவெட்டன்ஹாம் தன் நூலில் மலாய் மாநிலங்களின் வளர்ச்சிக்குச் சீனர்களின் உழைப்பையே பெரிதும் பாராட்டினார். அவரிடம் நம் பேரைத் தேடுவதும் வீண் வேலை. ஆவணம் கைவிட்ட இடத்தில் புனைவு வந்திருக்க வேண்டும். அங்கேதான் எனக்குப் பெரிய ஏமாற்றம். அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' ரப்பர் தோட்டத்துக்குப் போனது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' பர்மா எல்லைக்குப் போனது. அ. ரெங்கசாமியின் 'லங்காட் நதிக்கரை' ஆற்றங்கரைக்குப் போனது. எல்லாம் தேவையான பயணங்கள். ஆனால் நான் படித்தவரை, 1880களின் கோலாலம்பூருக்குள், அந்தச் செங்கல் தூசிக்குள், ஒரு தமிழ் நாவலும் நுழையவில்லை. நாவல் போகாத இடத்தைக் கோஷம் பிடித்துக்கொண்டது.

கோஷம் எவ்வளவு தூரம் தாங்கும்? பிரிக்பீல்ட்ஸின் பெரிய ரயில் யார்டு மொத்தமாகப் போய், அதே நிலத்தில் 2001இல் கே.எல். சென்ட்ரல் வந்தது. 2010இல் தெருவுக்கு லிட்டில் இந்தியா என்று வண்ணம் அடித்தார்கள். 2014இல் விவேகானந்தா ஆசிரம நிலத்தில் அடுக்குமாடி என்ற செய்தி வந்ததும் நம்மவர்கள் கொதித்தார்கள், சரிதான். அப்போதும் கையில் இருந்தது அந்த ஒரு வரிதான். அந்த ஆசிரமம் எந்தத் தமிழருடையது, யார் பணத்தில் வந்தது, குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்கு அது என்னவாக இருந்தது என்று கேட்டால் பத்தில் ஒருவர் பதில் சொல்லியிருப்பாரா, தெரியாது.

இவ்வளவு சொல்லிவிட்டு நான் ஆசைப்படும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில். 1873இல் தம்புசாமிப் பிள்ளை தொடங்கியது, 1885இல் இப்போதைய இடத்துக்கு மாறியது. முதலில் அத்தாப்புக் கூரைதான். 1887இல் செங்கல்லில் கட்டினார்கள். சுவெட்டன்ஹாமின் செங்கல் காலத்துக்கு நடுவில், தமிழர்கள் தங்களுக்கென்று கட்டியது அது. அந்தக் கட்டடமும் இன்றில்லை. இப்போது இருப்பது 1968இல் முடிந்தது. அரசாங்கக் கருவூலத்தில் வேலை பார்த்த ஒரு பிள்ளை, கூலி வேலைக்கு வந்த பக்தர்கள், எதிரே சீனச் சூளைக்காரர். ஆயிரம் செங்கல் என்ன விலை? எந்த மொழியில் பேரம் பேசினார்கள், உடைந்து வந்ததை யார் தலையில் கட்டினார்கள், இறக்கிய கூலியை யார் கொடுத்தார்கள்? அந்தப் பேரத்தில் தொடங்கும் ஒரு நாவல் வந்தால் முதல் பிரதியை நான் வாங்கிக்கொள்கிறேன்.