டபுள் சஸ்பென்ஷன்: நம்மூர்ப் பாதைக்கு ஒரு கணக்கு

"பட்ஜெட்டில் நல்ல ஃபுல் சஸ்பென்ஷன் மவுண்டன் பைக் எது?" என்ற கேள்விக்கு இணையத்தில் இரண்டு வகைப் பதில்கள் கிடைக்கின்றன. வெளிநாட்டு யூடியூபர்கள் சொல்வது ஒன்று. அவர்கள் அகராதியில் பட்ஜெட் என்றால் 2000 டாலர். நம்மூர் சைக்கிள் குழுக்களில் கிடைப்பது இன்னொன்று: "பேசாம ஹார்ட்டெயில் எடுங்க ஜி". ஏன் என்று யாரும் விளக்குவதில்லை. இரண்டையும் படித்துக் குழம்பி, கையில் பணத்தோடு நெல்லையில் ஒரு கடைக்குப் போனால் மூன்றாவது பதில் அங்கே தயாராக நிற்கிறது. தடித்த ஃப்ரேம், நடுவில் சிவப்பு பெயின்ட் அடித்த ஸ்பிரிங், விலை பதினைந்தாயிரத்தை ஒட்டி. "அமுக்கிப் பாருங்க சார், துள்ளுதுல்லா?" என்பார் அண்ணாச்சி. துள்ளும். பிரச்சினையே அதுதான்.

ஸ்பிரிங் அடியை வாங்கிச் சேமித்து வைக்கும். சேமித்ததை அப்படியே திருப்பியும் கொடுக்கும். அதை அடக்க டேம்பர் வேண்டும்: எண்ணெய் நிறைந்த குழாய், அதற்குள் ஒரு பிஸ்டன், பிஸ்டனில் சின்னச் சின்னத் துளைகள். எண்ணெய் அந்தத் துளைகள் வழியாகத் திக்கித் திணறி நகரும்போது அடியின் சக்தி சூடாக மாறி வெளியேறிவிடும். ஆபீஸ் கதவுக்கு மேலே ஒரு குளோசர் இருக்குமே, அதுவும் இதே வேலையைத்தான் செய்கிறது. எண்ணெய் கசிந்துபோனால் கதவு எப்படிப் படாரென்று சாத்தும் என்று பார்த்திருப்பீர்கள். மலிவு ஷாக்கப்சரில் பெரும்பாலும் நடுவே ஒரு தண்டும் அதைச் சுற்றி ஸ்பிரிங்கும்தான் இருக்கின்றன. என் தொழில் பாஷையில் சொன்னால், ஸ்கிரீனில் பட்டன் இருக்கிறது, பின்னால் சர்வர் இல்லை. இதை விலை உயர்ந்த வண்டியின் மலிவுப் பதிப்பு என்று நினைத்து வாங்குகிறோம். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் வேறொரு பொருள் அது.

அந்த ஸ்பிரிங் மேல் 750 என்றோ 850 என்றோ ஓர் எண் அச்சடித்திருக்கும். ஓர் அங்குலம் அமுக்க அத்தனை பவுண்டு விசை வேண்டும் என்று அர்த்தம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 75 கிலோ ஆள் உட்கார்ந்தால் பின்சக்கரத்தில் 65 சதவீதம், சுமார் 49 கிலோ விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். சக்கரம் மூன்று மில்லிமீட்டர் ஏறினால் ஷாக் ஒரு மில்லிமீட்டர் சுருங்கும் ஃப்ரேம் என்றால், ஷாக் மீது வருவது அதைப்போல் மூன்று மடங்கு: 147 கிலோ, அதாவது 324 பவுண்டு. 750 ஸ்பிரிங் இதற்கு 11 மில்லிமீட்டர் சுருங்கும். ஷாக்கின் மொத்த ஓட்டம் 38 மில்லிமீட்டர் என்றால் இது 29 சதவீதம். சும்மா உட்கார்ந்த நிலையில் பின்பக்கம் 25 முதல் 30 சதவீதம் அமுங்கவேண்டும் என்பது பொதுவான அளவு. ஆக, இவருக்குப் பாஸ். அதே வண்டியில் 40 கிலோ பையனை ஏற்றுங்கள். ஆறு மில்லிமீட்டர்கூட வராது, 15 சதவீதம்தான். பள்ளிக்கூடப் பையனுக்கென்று அப்பாக்கள் ஆசையாக வாங்கிக்கொடுக்கிற வண்டியும் இதேதான். ஸ்பிரிங்குக்கு மேலே இருக்கும் வளையத்தைத் திருகினால் சரியாகிவிடும் என்பார்கள். அது ஸ்பிரிங்கைக் கொஞ்சம் முன்கூட்டியே அமுக்கி வைக்கும், அவ்வளவுதான். ஸ்பிரிங்கின் கடினம் மாறாது. நல்ல ஏர் ஷாக்கில் காற்றே ஸ்பிரிங், ஆளின் எடைக்கு ஏற்ப அடித்துக்கொள்ளலாம்.

அடுத்து, மிதிப்பது. ஒவ்வொரு மிதிக்கும் உடம்பின் எடை முன்னும் பின்னும் சாய, பின்பக்கம் அமுங்கி எழும். தேர்ந்த ஃப்ரேமில் செயின் இழுவையே இந்த அமுங்கலை எதிர்க்கும்படி பிவட்டின் இடத்தைக் கணக்கிட்டு வைக்கிறார்கள். மலிவு ஃப்ரேமில் அந்தக் கணக்கை எதிர்பார்க்க முடியாது. பிவட்டில் பேரிங்குக்குப் பதில் பிளாஸ்டிக் புஷ் இருந்தால் அது தேய்ந்து பின்சக்கரம் பக்கவாட்டில் ஆட ஆரம்பிக்கும். ஓவராயில் பண்ணியும் ஆட்டம் போகாது, புஷ்ஷையே மாற்றவேண்டும். வண்டி எடை வேறு பதினேழு, பதினெட்டு கிலோ. ஆடி மாதக் காற்றில் மேற்கே பார்த்து இதை மிதித்துப் பாருங்கள். பதினைந்தாயிரம் போகட்டும், 'சைக்கிள்னாலே கஷ்டம்' என்று ஒரு பையன் முடிவுகட்டி வண்டியை மொட்டை மாடியில் ஏற்றிவிடுகிறானே, எனக்கு அதுதான் ஆறவில்லை.

இந்த வண்டி எங்கே பிறந்தது என்பதையும் பார்க்கவேண்டும். கலிஃபோர்னியாவின் மாரின் கவுண்டியில் 1976 அக்டோபரில் ரீபேக் என்ற இறக்கப் பந்தயம் தொடங்கியது. பழைய கனத்த சைக்கிள்களில் மண்பாதையில் சரிந்து இறங்குவார்கள். கீழே வந்து சேர்வதற்குள் பின் ஹப்பின் பிரேக் சூட்டில் கிரீஸ் புகைந்து தீர்ந்திருக்கும். மறுபடி கிரீஸ் அடைக்கவேண்டும். பந்தயத்துக்கு அந்தப் பெயர் வந்தது அதனால்தான். ஸ்பிரிங் எதுவும் அந்த வண்டிகளில் கிடையாது. ராக்‌ஷாக்ஸ் தன் முதல் ஃபோர்க்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1989-இல்தான். அங்கே மலை முதலில் இருந்தது, அதற்கேற்ப வண்டி வளர்ந்தது.

நம்மிடம் என்ன மலை இருக்கிறது? பொதிகை கண்ணுக்கு எதிரே நிற்கிறது, உண்மை. ஆனால் அந்தச் சரிவுகளில் பெரும்பகுதி 1988-இல் அறிவிக்கப்பட்ட களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். பாபநாசத்திலோ மணிமுத்தாறிலோ சோதனைச்சாவடி தாண்டி ஒற்றையடிப் பாதையில் இஷ்டத்துக்கு சைக்கிள் விட முடியாது. முடியவும் கூடாது என்பது என் கட்சி. மிச்சம் இருப்பது சமவெளி. அம்பாசமுத்திரம் கடல்மட்டத்துக்குச் சுமார் 76 மீட்டர் மேலே, திருநெல்வேலி சுமார் 47. இடையே 35 கிலோமீட்டர் தூரம். கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இறக்கம் இல்லை. வாய்க்கால் கரைகள் இன்னும் சமம். ஆற்றைவிடக் குறைந்த சரிவில் தண்ணீரை நடத்தி மேட்டு வயலுக்குக் கொண்டுபோவதுதானே வாய்க்காலின் வேலை. கன்னடியன், கோடகன், பாளையன், நெல்லைக் கால்வாய் என்று எந்தக் கரையில் ஓட்டினாலும், அணை கட்டியவர்கள் நமக்காக ஏற்கெனவே மட்டம் பார்த்து வைத்துவிட்டார்கள்.

இங்கே வண்டியை நிறுத்துவது பாறையோ பள்ளமோ அல்ல, உடைமுள். கரையை விட்டு ஒரு சாண் விலகினால் பஞ்சர். தெற்கே திசையன்விளை, சாத்தான்குளம் பக்கம் தேரிக்காட்டுச் செம்மணல் சக்கரத்தை விழுங்கும். வடக்கே கயத்தாறு தாண்டினால் கரிசல். ஒரு மழை பெய்துவிட்டால் மண் டயரில் அப்பிக்கொண்டு ஃப்ரேம் இடுக்கில் சிமென்ட் மாதிரி இறுகும். பின்னால் இணைப்புக் கம்பிகளும் பிவட்டுகளும் இருந்தால் சேறு சேர இன்னும் நாலு இடம். இந்த மூன்றுக்கும் பதில் ஷாக்கில் கிடையாது, டயரில் இருக்கிறது. 1888-இல் டன்லப் காற்றடைத்த டயரைச் செய்ததே மகனுடைய மூன்று சக்கர சைக்கிளின் உலுக்கலைக் குறைக்கத்தான். 2.25 அங்குல டயரைக் கடையில் கல்லு மாதிரி 60 பிஎஸ்ஐ அடித்துக்கொடுத்தால் எந்த சஸ்பென்ஷனும் உதவாது. அதே டயரை 28-க்கு இறக்கினால் பாதி உலுக்கல் அங்கேயே அடங்கும். டியூப் இருந்தால் அந்த அழுத்தத்தில் கல்லில் இடித்து ரிம்முக்கு நடுவே நசுங்கிக் கிழியும்; ஆகவே டியூப்லெஸ், உள்ளே சீலன்ட். முள் குத்திய துளையைத் திரவம் தானே அடைத்துவிடும். நம் வெயிலில் அது சீக்கிரம் காய்ந்துபோகும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊற்றவேண்டும்.

இதற்கு எதிர்வாதம் ஒன்று இருக்கிறது, வலுவானதும்கூட. என் அத்தான் ஒருவருக்கு இடுப்புவலி. டாக்டர் ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார். "முன்னாடி ஸ்பிரிங் இருந்து எனக்கு என்ன மாப்ள, நான் உக்காந்திருக்கது பின்னாடிலா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. உட்கார்ந்தே ஓட்டுகிறவருக்கு நல்ல பின் சஸ்பென்ஷன் நிச்சயம் சுகம்தான். ஆனால் அவர் வைத்திருப்பது அறுபதாயிரம். புதிதாக வாங்கினால் உண்மையான ஃபுல் சஸ்பென்ஷன் லட்சத்துக்கு மேல்தான் ஆரம்பிக்கிறது. அந்த அறுபதுக்குள் ஏர் ஃபோர்க், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், டியூப்லெஸ் ரிம் உள்ள ஹார்ட்டெயில் ஒன்றை, சரியான ஃப்ரேம் அளவில் எடுத்து, சஸ்பென்ஷன் வைத்த சீட் போஸ்ட் ஒன்றைத் தனியாக மாட்டச் சொன்னேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

மாதம் ஒருமுறை நீலகிரிக்கோ கொடைக்கானலுக்கோ போய் எஸ்டேட் பாதைகளில் அனுமதியோடு இறங்குகிறவர் என்றால் என் வாதம் அவருக்குப் பொருந்தாது. அவர் லட்சத்துக்கு மேல் செலவழிக்கலாம், அல்லது பெங்களூரில் பழையது தேடலாம். பழையதில் முதலில் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கடகடவென்றால் பிவட் பேரிங் செலவு காத்திருக்கிறது. ஷாக்கின் பளபளப்பான தண்டில் நகத்தை ஓட்டுங்கள், கீறல் தட்டினால் சீல் நிற்காது. ரீபவுண்டு குமிழை இரண்டு கோடிக்கும் திருப்பி அமுக்கிவிடுங்கள். மேலெழும் வேகம் மாறவில்லை என்றால் டேம்பர் செத்துவிட்டது. அதைப் பிரித்துச் சீல் மாற்றத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கிறாரா என்று விலை பேசும் முன்பே விசாரித்துவிடுங்கள், பார்சலில் அனுப்பி வாங்கும் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். கூடவே ஒரு ஷாக் பம்ப்பும் வாங்கவேண்டும். அந்தக் குட்டிக் குழாய்க்குள் 150, 200 பிஎஸ்ஐ போகும், அதுவும் ஐந்து பிஎஸ்ஐ கூடினாலும் குறைந்தாலும் தெரியும். வால்வு கார் டயர் வால்வு மாதிரியே இருக்கிறதே என்று பெட்ரோல் பங்க்கில் காற்றடிக்க நிறுத்திவிடாதீர்கள்.