எட்டாம் அத்தியாயம்

எட்டயபுரத்தில் 1904-இல் அச்சான சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யில் சுரத்தை அசைத்துப் பாடும் கமகத்துக்குக்கூட அடையாளக் குறி உண்டு. நுணுக்கத்தை மறைக்காமல் தாளில் வைத்த புத்தகம். புரோகிராமிங்கில் எனக்கு அப்படி வாய்த்தது கெர்னிகனும் ரிச்சியும் எழுதிய சி மொழி நூல். 1988-இல் வந்த இரண்டாம் பதிப்பு வெறும் 272 பக்கம். இன்று வரும் தலையணைகளைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது.

அதன் எட்டாம் அத்தியாயக் கடைசியில், கேட்கும் அளவு நினைவகத்தை ஒதுக்கித் தரும் ‘மால்லாக்’ முழு நிரலாகவே இருக்கிறது. ஒவ்வொரு நினைவகத் துண்டின் தலைமாட்டிலும் அதன் அளவும், அடுத்த காலித் துண்டின் முகவரியும். நம் கைக்கு வருவது அந்தக் குறிப்பைத் தாண்டிய இடம். வாங்கிய துண்டை ‘ஃப்ரீ’ செய்து திருப்பிக் கொடுத்தால், அது பக்கத்துக் காலியிடத்தோடு ஒட்டிக்கொள்ளும். மாயம் என்று நினைத்ததெல்லாம் இவ்வளவுதானா!

சிஸ்டம்ஸ் படிக்க நினைக்கும் தம்பி தங்கைகளே, அந்த நிரலை நீங்களே அடித்து ஓட்டிப் பாருங்கள்.