மக்களிடம் செல்லாத ஆராய்ச்சியும் மக்களுக்கான மென்பொருளும்

தருமபுரி மாவட்டத்தில் ஒரு சாமானியக் குடும்பத்துக்கும் அரசாங்கத்துக்கும் உள்ள உறவில் பெரும்பகுதி இன்று ஏதேனும் ஒரு மென்பொருளின் வழியாகவே நடைபெறுகிறது. நியாயவிலைக் கடையில் அரிசி வாங்க விரல்ரேகை பதிய வேண்டியிருக்கிறது. நூறு நாள் வேலைக்குச் சென்றவரின் வருகை, 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமாக, வேலைத்தலத்தில் நாளுக்கு இருமுறை எடுக்கப்படும் படத்தோடு செயலியில் ஏறலாயிற்று. அதே ஆண்டு ஜூலை 24 அன்று இம்மாவட்டத்துத் தொப்பூரில் முதலமைச்சர் தொடங்கிவைத்த மகளிர் உரிமைத் தொகை விண்ணப்பப் பதிவும் தன்னார்வலரின் கைபேசியைக் கொண்டே நிகழ்ந்தது.

மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலின் ரேகையைக் கருவி அறிந்துகொள்ளுமா, சித்தேரி மலையில் சிக்னல் கிடைக்காத மூலையிலிருந்து படம் உரிய நேரத்தில் போய்ச் சேருமா, 2011 கணக்கெடுப்பின்படி 68.54 சதவீத எழுத்தறிவோடு மாநிலத்திலேயே கடைசி இடத்தில் நின்ற இம்மாவட்டத்தில் எழுத்தறியாத ஒரு தாய் தன் விண்ணப்பம் தள்ளப்பட்டதன் காரணத்தை எவ்விதம் தெரிந்துகொள்வாள் என்னும் கேள்விகள் வெறும் நிர்வாகக் கேள்விகள் அல்ல. மென்பொருளை எழுதுகிறவர், அதைப் பயன்படுத்துகிறவர், அதனால் பாதிக்கப்படுகிறவர் ஆகிய மூவரையும் மையத்தில் வைத்து ஆராயும் மனிதமைய மென்பொருள் பொறியியல் என்ற துறைக்கு இவையே உயிரான கேள்விகள். இவற்றை ஆராயப் புகும் முனைவர் பட்ட மாணவருக்கும், பட்டம் பெற்றுப் பணியில் அடியெடுத்து வைக்கும் இளம் ஆய்வாளருக்கும் நாம் அளிக்கும் துணை எத்தகையது, அதன் குணம் எது, குறை எது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மென்பொருள் பொறியியல் என்ற பெயர் 1968-இல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் கூடிய மாநாட்டினால் பிரசித்தி பெற்றது. நிரல் எழுதுவது மனிதச் செயல் என்பதையும், எழுதுகிறவருடைய மனப்போக்கை அறியாமல் நிரலின் தரத்தை அறிய இயலாது என்பதையும் ஜெரால்ட் வைன்பர்க் 1971-இல் ஒரு நூலாகவே எழுதி நிலைநாட்டினார். பிற்பாடு, சர்வதேச மென்பொருள் பொறியியல் மாநாட்டை ஒட்டி 2008 முதல் மனித அம்சங்களுக்கென்றே ஒரு தனிப் பட்டறை கூடலாயிற்று. இத்தகைய மாநாடுகளில் முனைவர் பட்ட மாணவர்களுக்கென ஓர் அமர்வு வைப்பது வழக்கம். முடிந்த ஆராய்ச்சியையன்றி இன்னும் கனியாத எண்ணத்தை அங்கே மாணவர் எடுத்துரைக்கிறார். தம் பல்கலைக்கழகத்தோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத மூத்த அறிஞர்களின் அபிப்பிராயத்தைக் கேட்டுத் திருத்திக்கொள்கிறார். மேற்சொன்ன சர்வதேச மாநாடு 2014-இல் ஹைதராபாத்துக்கே வந்தது. 2008 முதல் நடைபெறும் இந்திய மென்பொருள் பொறியியல் மாநாட்டிலும் இவ்வழக்கம் உண்டு. ஆனால் அந்தச் சபைக்குப் போய்ச் சேரும் செலவும், போகலாம் என்று சொல்லும் நெறியாளரும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

நம்முடைய ஏற்பாட்டின் குணங்களை முதலில் சொல்வதுதான் நியாயம். பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட விதிமுறைகள், குறைந்தது 12 மதிப்பலகுகள் கொண்ட பாடநெறியையும், பருவந்தோறும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் முன்னேற்றத்தை எடுத்துரைக்கும் கடமையையும் விதிக்கின்றன. உதவிப் பேராசிரியர் 4, இணைப் பேராசிரியர் 6, பேராசிரியர் 8 மாணவருக்கு மேல் ஏற்கலாகாது என்று வரம்பு கட்டுகின்றன. பெண் ஆய்வாளருக்கு மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு ஆகியவற்றுக்காக 240 நாள் வரை விடுப்புக்கும் இடமளிக்கின்றன. நெறியாளரின் தனி விருப்பத்தையே நம்பியிருந்த மாணவருக்கு இவை பெரிய அரண். 2014-இல் தொடங்கிய விஸ்வேஸ்வரய்யா திட்டமோ, மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்பத் துறைகளில் ஆராய முன்வருவோருக்குப் பொருளுதவி அளித்து வந்திருக்கிறது. இவ்வளவையும் மறந்துவிட்டு, நம் நாட்டில் ஆய்வாளருக்கு ஒன்றுமே செய்யப்படவில்லை என்று சொல்வது சத்தியத்துக்கு மாறானது.

ஆயினும் இவ்வேற்பாட்டின் அடியில் ஓர் ஊனம் இருக்கிறது. ஆராய்ச்சி நடைபெறுகிறதா என்பதைக் கண்காணிக்க அது அறிந்திருக்கிறது. மக்களைப் பற்றிய ஆராய்ச்சி எதனால் வளரும் என்பதை அறியவில்லை. 2016-ஆம் ஆண்டு விதிகள், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்குமுன் ஓர் ஆய்வுக் கட்டுரையையும் இரண்டு மாநாட்டு வாசிப்புகளையும் கட்டாயமாக்கின. தகுதியற்ற சஞ்சிகைகள் பெருகவே, 2019-இல் நம்பத்தக்க இதழ்களுக்கென ஒரு பட்டியல் வகுக்கப்பட்டு, 2025-இல் அதுவும் கைவிடப்பட்டது. கட்டுரை வெளியிடும் கட்டாயம் 2022 விதிகளில் நீங்கிவிட்டபோதிலும், கட்டுரைகளின் எண்ணிக்கையே யோக்கியதை என்னும் மனப்பழக்கம் நீங்கவில்லை. இதன் விளைவைக் கணினித் துறை ஆய்வேடுகளில் காணலாம். எங்கோ தொகுக்கப்பட்டு இணையத்தில் எளிதாகக் கிடைக்கும் தரவை எடுத்து, ஏற்கெனவே உள்ள ஒரு வழிமுறையைச் சிறிது மாற்றி, துல்லியம் சற்று உயர்ந்ததாகக் காட்டி முடியும் ஆய்வேடுகள் பல. அரூரிலும் பென்னாகரத்திலும் செயலியோடு போராடும் மனிதர் அவற்றில் தென்படுவதில்லை.

இதற்கு மாணவரைக் குறைகூறுவது தகாது. பகலெல்லாம் தனியார் கல்லூரியில் வகுப்பெடுத்து, மாலையில் விடைத்தாள் திருத்தி, விடுமுறையில் மட்டும் ஆராயும் பகுதிநேர ஆய்வாளர், ஒரு மலைக்கிராமத்தில் மாதக்கணக்கில் தங்கிக் கவனிப்பது எங்ஙனம் சாத்தியம்? தேசியத் தகுதித் தேர்வில் வென்று, 2023 முதல் மாதம் 37,000 ரூபாயாக உயர்ந்த உதவித்தொகையைப் பெறுகிறவரோ சிலரே. தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வழங்கும் ஊர்களில் பேச்சைப் பதிந்து எழுத்தாக்கும் உழைப்புக்குத் தனியே பணம் ஒதுக்குவது அரிது. நேர்காணல் நடத்தும் முறையைச் சமூகவியலாரிடமே கற்க வேண்டியிருக்க, கணினி மாணவரின் குழுவில் சமூகவியலார் ஒருவர் இடம்பெறுவது அபூர்வம். ஏழைப் பெண்ணின் ஆதார் விவரத்தையும் அவளுடைய துயரத்தையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்பவர் எதைப் பாதுகாக்க வேண்டும், எதைக் கேட்கவே கூடாது என்பதைச் சொல்லித் தருவாரும் இல்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் இயற்றப்பட்டுவிட்ட பிறகு இந்த அறியாமை சட்டத்துக்கும் புறம்பாகலாம்.

பட்டம் பெற்ற பின் நிலைமை இன்னும் கடினம். ஆராய்ச்சியில் பழகிய மனம் முதிர்ந்து பலன்தர வேண்டிய முதல் ஐந்தாறு ஆண்டுகளில்தான் இளம் ஆசிரியர்மேல் பாடச்சுமையும், சேர்க்கைப் பணியும், தர மதிப்பீட்டுக் கோப்புகளும் ஏற்றப்படுகின்றன. தனியே நின்று ஆராயக் கற்க வேண்டிய காலம் அவ்வாறு வீணாகிறது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபணை எழும். துல்லியத்தின் எண்ணை எவரும் சரிபார்க்கலாம். முப்பது பேரிடம் பேசி எழுதிய ஆய்வை எதைக் கொண்டு மதிப்பிடுவது, கிராமத்துக்குப் போய்வந்த அனுபவமெல்லாம் ஆராய்ச்சியாகிவிடுமா என்று கேட்பார்கள். ஆட்சேபணையில் வலு உண்டு. முறையறியாத கள ஆய்வு, முறையறியாத கணக்கைவிட மோசமானதே. ஆனால் அதற்குப் பரிகாரம் களத்தை விலக்குவதன்று. களத்தின் முறையைக் கற்பிப்பதேயாகும். எவரை ஏன் தேர்ந்தோம், என்ன கேட்டோம், மாறான சாட்சியத்தை எவ்வாறு கையாண்டோம் என்று பதிவு செய்த ஆய்வைப் பரிசோதிக்கும் நெறிகள் சமூக விஞ்ஞானங்களில் நெடுங்காலமாக உண்டு.

இம்மாவட்டத்துச் சிட்டிலிங்கியில் ரெஜி ஜார்ஜ், லலிதா என்னும் மருத்துவத் தம்பதியர் 1993-இல் தொடங்கிய பழங்குடி நலப் பணி, உள்ளூர்ப் பெண்களையே சுகாதாரப் பணியாளராகப் பயிற்றி வளர்ந்தது. மக்களை அறிந்து அவர்களோடு சேர்ந்து செய்யும் காரியமே நிலைக்கும் என்பதற்குக் கணினித் துறையார் தொலைதூரம் சென்று சான்று தேட வேண்டியதில்லை.

ஆகவே என் முடிபு இது. இன்றைய ஏற்பாடு ஆய்வாளரைக் காக்கிறது. ஆனால் அவரை மக்களிடம் அனுப்பவில்லை. பைசுஅள்ளியிலுள்ள பெரியார் பல்கலைக்கழக மையமும், செட்டிகரையிலுள்ள அரசு பொறியியல் கல்லூரியும் இதைத் திருத்தும் முயற்சியில் முன்நிற்கலாம். கணினி ஆய்வாளருக்குச் சமூகவியலிலிருந்தோ பொதுச் சுகாதாரத்திலிருந்தோ இணை நெறியாளர் ஒருவர். உதவித்தொகையோடு கூடிய ஒரு களப்பருவம். மனிதரை ஆராயும் திட்டங்களை முன்கூட்டியே பரிசீலிக்கும் அறநெறிக் குழு. இளம் ஆசிரியருக்கு முதல் மூன்றாண்டுகளில் குறைந்த பாடச்சுமை. பிற மாவட்டத்து அறிஞர் முன் ஆண்டுக்கு ஒருமுறை அரைகுறை எண்ணங்களையும் அச்சமின்றி எடுத்துரைக்கும் ஓர் அமர்வு. இவ்வைந்தும் பெருநிதி வேண்டாதவை. பல்கலைக்கழகத்தாரும் அரசாங்கத்தாரும் இவற்றை அடுத்த கல்வியாண்டிலேயே தொடங்க வேண்டும். மென்பொருளால் ஆளப்படும் ஜனங்களுக்கு அதை ஆராயும் அறிஞர்களைத் தம்மிடையே பெறும் உரிமை உண்டு.