கிளீனுக்கும் ஜெர்க்குக்கும் நடுவே

மீராபாய் சானு பாரைத் தோளில் ஏற்றி எழுந்து நின்றுவிட்டார். அது கிளீன். இன்னும் தலைக்கு மேலே தள்ளவில்லை. அது ஜெர்க். நடுவில் இரண்டு மூச்சு, சில சமயம் மூன்று. பளுதூக்குதலில் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்த இடம் அது. முதல் இழுப்பின் பொறுமை, இரண்டாவது இழுப்பின் வெடிப்பு, பாருக்கு அடியில் போய்க் குந்தும் வேகம் என்று ரசிக்க எவ்வளவோ இருக்கிறது. நான் காத்திருப்பது அந்த நிற்றலுக்காகத்தான்.

2021 ஜூலை 24, டோக்கியோ ஒலிம்பிக், 49 கிலோ பிரிவு, 115 கிலோ. அந்தக் காணொளியை மறுபடி ஒருமுறை போட்டுப் பாருங்கள். தன் உடம்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலான பாரம் கழுத்தடியில் உட்கார்ந்திருக்கிறது. தொண்டைக்குழியைப் பார் அழுத்துவதால் முழு மூச்சு இறங்காது. கிடைக்கிற மேல்மூச்சில்தான் சமாளிக்க வேண்டும். ஆழக் குந்தலிலிருந்து இப்போதுதான் நிமிர்ந்த தொடைகளில் இன்னும் நடுக்கம் அடங்கவில்லை. முடியாது என்று கீழே போட்டுவிடலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. பதற்றத்தில் உடனே தள்ளிவிடவும் செய்யலாம். அப்போது பார் முன்பக்கம் ஓடிவிடும். மீரா இரண்டையும் செய்வதில்லை. பாரம் தோளில் சரியாக அமரும்வரை நிற்கிறார். பிறகு முதுகு ஒரு நூல்கூடச் சாயாமல் முழங்கால் மடிகிறது, நிமிர்கிறது, கைகள் பூட்டிக்கொள்கின்றன. மூன்று வெள்ளை விளக்கு. வெள்ளிப் பதக்கம்.

மனம் நொறுங்கிய பெண்கள் ஏன் பளுவைத் தேடிப் போகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இந்த இரண்டு மூச்சைத்தான். வலு வந்தால் தைரியம் வரும் என்பது மேலோட்டமான பதில். பாரம் வந்து தோளில் ஏறியபிறகு என்ன செய்வது என்பதை உடம்புக்குச் சொல்லித்தருகிற வேறொரு பயிற்சி எனக்குத் தெரியாது. ஓடும்போது பாரம் இல்லை. ஜும்பாவில் நிற்க நேரமே இல்லை. மனசுக்கு யோகா, உடம்புக்கு ஜிம் என்று பங்கு பிரித்துக்கொடுக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. யோகாசனத்தில் எனக்கும் பிரியம் உண்டு. ஆனால் அங்கே மூச்சு தடையில்லாமல் ஓடுகிறது. நெஞ்சின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும்போது மூச்சைத் தேடிப் பிடிப்பது வேறு வித்தை. துக்கத்தில் இருப்பவளுக்கு வேண்டியது இந்த இரண்டாவது வித்தை என்பது என் கட்சி.

ரியோவைத் தெரிந்துகொண்டு டோக்கியோவைப் பார்த்தால்தான் அந்த நிற்றலின் ருசி முழுதாகப் பிடிபடும். 2016 ஆகஸ்டில், இருபத்திரண்டாவது பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்பு, இதே பெண் கிளீன் அண்ட் ஜெர்க்கில் மூன்று வாய்ப்பையும் இழந்தார். மற்றொரு லிஃப்டான ஸ்னாட்சில் எடுத்தது எதற்கும் பயன்படவில்லை. பெயருக்கு எதிரே மொத்த எடையே இல்லாமல் ஊர் திரும்பினார். மன அழுத்தத்தில் தவித்ததையும், விளையாட்டையே விட்டுவிட நினைத்ததையும், உளவியல் நிபுணரின் உதவியை நாடியதையும் பிற்பாடு அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். பிறகு எங்கே உடைந்தாரோ அங்கேயே திரும்பிப் போனார். அதே பாட்டியாலா பயிற்சி முகாம், அதே பயிற்சியாளர் விஜய் சர்மா, அதே லிஃப்ட். 2017 நவம்பரில் அனாஹைம் உலகப் போட்டியில் 85-ம் 109-ம் சேர்த்து 194 கிலோ, தங்கம். கர்ணம் மல்லேஸ்வரி 1995-இல் வென்றதற்குப் பிறகு பளுதூக்குதலில் இந்தியாவுக்கு வந்த முதல் உலகத் தங்கம். மேடையில் அவர் அழுத அழுகையை நான் பலபேரிடம் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

மல்லேஸ்வரியை விட்டுவிட்டு மீராவைக் கொண்டாடுகிறேன் என்று மூத்த ரசிகர்கள் கோபிப்பார்கள். 2000-இல் சிட்னியில்தான் பெண்களுக்கான பளுதூக்குதலே ஒலிம்பிக்கில் முதன்முதலாக வந்தது. அந்த முதல் வாய்ப்பிலேயே 240 கிலோ தூக்கி வெண்கலம் வென்றவர் அவர். அவருக்கும் முன்னால் உலகப் போட்டிகளில் திரும்பத் திரும்ப வெள்ளி வாங்கிய குஞ்சராணி தேவி இருக்கிறார். பள்ளிப் பாடப்புத்தகத்தில் அவரைப் பற்றிப் படித்துத்தான் மீரா இந்தப் பக்கமே வந்தார். பாதை போட்டவர்கள் அவர்கள். ஆனால் உடைந்ததையும் ஒட்டியதையும் ஒரே லிஃப்டில், நம் கண்ணெதிரே காட்டியவர் மீரா.

ஸ்னாட்ச் ரசிகர்களுடனான வழக்கு தனி. டோக்கியோவில் தங்கம் வென்ற ஹோ ஜிஹுயின் 94 கிலோ ஸ்னாட்சைக் காட்டி, பக்கத்தில் மீராவின் 87 ஒன்றுமே இல்லை என்பார்கள். கணக்குப்படி சரிதான். மீராவுக்குத் தோளிலும் முதுகிலும் இருந்த ஏற்றத்தாழ்வு ஸ்னாட்சில்தான் அதிகம் தெரியும். அதைச் சரிசெய்யத்தான் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸுக்கு, இயன்முறை மருத்துவர் ஆரோன் ஹார்ஷிக்கிடம் போனார். அந்தச் சிகிச்சைக்குப் பிறகுதான் 2021 ஏப்ரலில் தாஷ்கண்டில் 119 கிலோ ஜெர்க் வந்தது. அப்போது அது உலக சாதனை. ஸ்னாட்ச் அழகு, ஒத்துக்கொள்கிறேன். ஒரே வீச்சில் தரையிலிருந்து தலைக்கு மேல் போய்விடுகிறது. நின்று யோசிக்க அதில் இடமே இல்லை. வாழ்க்கையில் எந்தப் பாரமும் எனக்கு அப்படி ஒரே வீச்சில் ஏறியதில்லை.

கனமானதைத் தரையிலிருந்து தூக்கி நிமிர்வதே போதும் என்கிற டெட்லிஃப்ட்காரர்களின் வாதத்தை மட்டும் என்னால் எளிதில் தள்ளிவிட முடியவில்லை. அதற்குக் காரணம் பூர்ணா பெல். இந்திய வம்சாவளியில் வந்த பிரிட்டன் பத்திரிகையாளர். 2015-இல் கணவர் தற்கொலை செய்துகொண்டபிறகு, வீட்டில் அவர் தூக்கி நகர்த்திய கனமான சாமான்களை இனி யார் தூக்குவது என்ற கேள்வி எழுந்து, தானே தூக்குவது என்று முடிவெடுத்து ஜிம்முக்குப் போனவர். அங்கிருந்து பவர்லிஃப்டிங் வரை போய்விட்டார். 2021-இல் வந்த அவருடைய ‘ஸ்ட்ராங்கர்’ புத்தகம் இந்த விஷயத்தில் அக்கறை உள்ள எவரும் படிக்கவேண்டியது. துக்கத்திலிருந்து மீள்வதைப் பெரிய பேச்சுகளில் தொடங்காமல் நகர்த்த முடியாத சாமானில் தொடங்கியதுதான் அதில் எனக்குப் பிடித்தது.

இன்னொன்றும் உண்டு. துக்கத்துக்கு அளவு கிடையாது. போன மாதத்தைவிட இந்த மாதம் தேவலையா என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது. பாருக்கு அளவு உண்டு. அந்தப் பக்கம் அரைக் கிலோ, இந்தப் பக்கம் அரைக் கிலோ. ஒரு கிலோ கூடியிருக்கிறது. உலகத்தில் யாரும் அதை மறுக்க முடியாது. பளுப் பயிற்சி மனச்சோர்வைக் குறைக்கிறதா என்று 33 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த கட்டுரை ஒன்று 2018-இல் ‘ஜாமா சைக்கியாட்ரி’ இதழில் வந்தது. குறைக்கிறது என்பது முடிவு. அதைவிட முக்கியமானது, பலம் எவ்வளவு கூடியது என்பதற்கும் மனச்சோர்வு எவ்வளவு குறைந்தது என்பதற்கும் தொடர்பு தென்படவில்லை என்பது. பெரிய எடை தூக்கினால்தான் மனம் தேறும் என்றில்லை. போய் பாரின் அடியில் நிற்பதே பாதி மருந்து.

மணிப்பூரின் நோங்போக் காக்சிங்கில் அண்ணனால் தூக்க முடியாத விறகுக் கட்டைச் சிறுமி மீரா தூக்கி நடந்த கதை எல்லோருக்கும் தெரியும். விறகு சுமந்த பழக்கம்தான் பதக்கமாகிவிட்டது என்று அதை இனிப்பாகச் சொல்வது வழக்கமாகிவிட்டது. எனக்கு அது இனிக்கவில்லை. விறகுக்கும் பாருக்கும் நடுவே பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. விறகை வழியில் போட முடியாது. தண்ணீர்க் குடத்தைப் படிக்கட்டில் போட முடியாது. என் அம்மா இடுப்பில் ஒரு குடமும் தலையில் ஒரு குடமுமாகத் தெருக்குழாயிலிருந்து வந்த காலத்தில், ஒரு சொட்டுச் சிந்தினாலும் வாசலில் பாட்டியின் குரல் கேட்கும். பாரையோ, கைகள் பூட்டி அசையாமல் நின்று நடுவர் சைகை வந்ததும் இறக்கத் தொடங்கி, தோள் மட்டத்தைத் தாண்டியவுடன் விட்டுவிடலாம். மேடை அதிரும். அதற்காகவே செய்த ரப்பர் தட்டுகள், அதற்காகவே போட்ட மேடை. தூக்கிய பாரத்தைச் சத்தத்தோடு கீழே போடுகிற உரிமை ஒரு பெண்ணுக்குச் சட்டப்படி எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கும் இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

கணவரை இழந்து, வீட்டை விட்டு வெளியே வராமல் கிடந்த ஒரு பெண்ணை அவள் தங்கை வலுக்கட்டாயமாக எங்கள் ஜிம்முக்குக் கூட்டிவந்தாள். குனிந்த தலை நிமிராமல் கோச் சொன்னதை எல்லாம் செய்வாள். ஒருநாள் கிளீன் முடித்து, மேலே தள்ள முடியாமல், பாரைப் பூப்போல இறக்கப் பார்த்தாள். முதுகு பிடித்துக்கொள்ளப் போகிறதே என்ற பயத்தில், “விட்டுடும்மா, அப்படியே போடு” என்று நான் கத்திவிட்டேன். போட்டாள். கூடமே திரும்பிப் பார்த்தது. அவள் கொஞ்சநேரம் அந்தத் தட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அக்கா, இன்னொரு வாட்டி போடட்டுமா?” என்றாள். அன்றைக்கு அவள் எத்தனை கிலோ எடுத்தாள் என்பது நினைவில்லை. அந்தக் கேள்வி நினைவிருக்கிறது.

இப்போது தெருவுக்குத் தெரு ஜிம் வந்துவிட்டது. ‘எடையைக் கீழே போடாதீர்கள்’ என்ற அறிவிப்பு இல்லாத சுவர்தான் இல்லை. மேடை கிடையாது, ரப்பர் தட்டு கிடையாது. இடமெல்லாம் டிரெட்மில்லும் கண்ணாடியும். பெண் உள்ளே நுழைந்ததும் முதலில் கேட்கப்படுவது, எத்தனை கிலோ குறைக்கணும் மேடம் என்பதுதான். தூங்க முடியவில்லை, அழுகை நிற்கவில்லை என்று வந்தவளுக்கும் அதே கேள்வி, அதே இடுப்பளவு நாடா. இரண்டு கிலோ ரோஸ் நிற டம்பெல்லை நீட்டி, இதற்கு மேல் தூக்கினால் ஆம்பளை மாதிரி ஆகிவிடுவீர்கள் என்று பயமுறுத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 119 கிலோவைத் தலைக்கு மேல் பிடித்த மீராவின் உயரம் ஐந்தடிக்கும் கீழே என்பதை அவர்களுக்கு யார் சொல்வது?

கர்லாக்கட்டையும் அனுமார் படமும் இருந்த பழைய தேகப்பயிற்சிக் கூடங்களில் மாஸ்டர்கள் வெறும் பாரோடு வாரக்கணக்கில் நிற்கவைப்பார்கள். முதுகு நேரே வரும்வரை ஒரு தட்டுகூடப் போட விடமாட்டார்கள். அந்தப் பொறுமை இன்றைக்குச் சம்பளத்துக்கு வைத்த பல டிரெய்னர்களிடம் இல்லை. ரீல்ஸ் எடுக்க வாகான அசைவுகளை முதல் வாரத்திலேயே சொல்லித்தந்துவிடுகிறார்கள். ஆனால் அந்தப் பழைய கூடங்களுக்குள் பெண்களை விடவே இல்லை என்பதால், அதை நினைத்து முழுமனதாக என்னால் ஏங்க முடியவில்லை.

தொலைக்காட்சிக்காரர்கள் மீதும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. கிளீன் முடிந்து ஆள் நிமிர்ந்த மறுநொடி, கேமரா பயிற்சியாளர் முகத்துக்கோ கூட்டத்துக்கோ தாவிவிடுகிறது. திரும்பி வருவதற்குள் பார் தலைக்கு மேலே. கச்சேரியில் பாடகர் ஆலாபனையை முடித்துப் பல்லவி எடுப்பதற்கு முன்னால் சுருதியில் நிற்கும் கணத்தில் யாராவது எழுந்து குறுக்கே நடந்தால் எப்படி இருக்கும், அப்படி இருக்கிறது.

பாரிஸை நான் தோல்வி என்று சொல்லமாட்டேன். 2024 ஆகஸ்ட் 7, முப்பதாவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள். 88-ம் 111-ம், 199 கிலோ, நான்காம் இடம். வெண்கலத்துக்கு ஒரே ஒரு கிலோ குறைவு. கடைசி வாய்ப்பில் 114 கைகூடவில்லை. மாதவிடாயின் மூன்றாம் நாள், உடம்பு தளர்ந்திருந்தது என்று பேட்டியில் அவரே சொன்னார். அதைச் சாக்கு என்று எழுதியவர்களும் உண்டு. எத்தனை காலமாகப் பெண்கள் அந்தத் தளர்ச்சியோடு மேடை ஏறி, அதைப் பற்றி வாயே திறக்காமல் இறங்கிப் போயிருக்கிறார்கள்? பாரத்தை நேர்மையாக அளக்கக் கற்றவர் உடம்பையும் நேர்மையாக அளந்து சொன்னார். ரியோவில் மௌனமாக உடைந்த பெண் பாரிஸில் உடையாமல் பேசினார். பதக்கம் வராத இரண்டு ஒலிம்பிக்குகளை இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான், இடைப்பட்ட எட்டு வருஷத்தில் பயிற்சி அவரை என்ன செய்திருக்கிறது என்று தெரிகிறது.

2025 அக்டோபரில் நார்வேயின் ஃபோர்டேயில் நடந்த உலகப் போட்டியில், 48 கிலோ பிரிவில், முப்பத்தொரு வயதில் மறுபடி வெள்ளி வென்றார். ஸ்னாட்சில் இரண்டு வாய்ப்பு போய்விட்டது. ஜெர்க்கில் 109, 112, 115, மூன்றும் சுத்தம். டோக்கியோவின் அதே 115.

ஜிம் நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பெண்களுக்கான பார் 15 கிலோ. 25 மில்லிமீட்டர் தடிமன். ஆண்களின் 20 கிலோ, 28 மில்லிமீட்டர் பார் சிறிய கைக்குப் பிடிமானம் தராது. மூலையில் ஒரு 15 கிலோ பாரும், சில ரப்பர் தட்டுகளும், கீழே போட ஒரு மேடையும் போட்டுக்கொடுங்கள். ஒரு டிரெட்மில் விலைகூட ஆகாது. பக்கத்துச் சுவரில் இருக்கும் அந்த அறிவிப்பை மட்டும் எடுத்துவிடுங்கள்.